பதினேழாம் அத்தியாயத்து மிருகம்

ஜனவரி 9

சுண்டு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆறு வருடம் பேசாமல் இருந்துவிட்டு அதைக் கேட்டால் நீ கடிதத்தை அங்கேயே கிழித்துப் போடுவாய். அதனால் நேராக வேலை விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மெய்ப்புத் திருத்தும் பதிப்பகத்தில் அந்த மலைக்கணவாய் நாவலுக்கு நூற்றாண்டுப் பதிப்பு கொண்டுவருகிறார்கள். படம் யார் வரைகிறார்கள் என்று மானேஜர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முந்தாநாள் உறையைப் பிரித்துப் பதினொரு படங்களையும் என் மேஜையில் பரப்பினார். முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது, கையெழுத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. பனி மூட்டத்துக்குள் ஒரு பெரிய கதவு, அதன் முன்னால் காலடித் தடம். மிருகத்தைக் காணோம்.

"என்னம்மா இது, மிருகத்தை வரையச் சொன்னா பனியை வரைஞ்சு அனுப்பியிருக்காரு?" என்று மானேஜர் புலம்பினார்.

"சார், நாவல்லயே அதுக்கு உருவம் கிடையாது. நாலு பேரு நாலு விதமா பார்த்ததா சொல்வாங்க, அவ்வளவுதான். இவரு சரியாத்தான் வரைஞ்சிருக்காரு" என்றேன். உனக்காகப் பரிந்து பேசியதாக நினைத்துக்கொள்ளாதே. உள்ளதைச் சொன்னேன்.

மூன்றாவது படத்தில் கணவாய்க் காவல்காரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்கிறான். மூன்று மடிப்பு. ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் நீவிவிடுகிறான். பார்த்ததும் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

சிக்கல் எட்டாவது படத்தில்தான். பதினேழாம் அத்தியாயம். காவல்காரன் தன் சின்ன மகனைக் கதவுக்கு வெளியே தள்ளிப் பூட்டிவிட்டுப் போகிறான். பையன் பனியில் நின்று தட்டுகிறான். சாவி அவன் அக்காவிடம் இருக்கிறது. அவள் கதவைத் திறந்து அவனை வாரி எடுத்துக்கொள்வதாக நீ வரைந்திருக்கிறாய். அப்படியொரு காட்சி புத்தகத்தில் இல்லை. மாற்றி வரைந்து மாதக் கடைசிக்குள் அனுப்பு.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். ஞாபகம் போய்க்கொண்டே இருக்கிறது. நீ கேட்கவில்லை, தெரியும். சொல்லிவைக்கிறேன்.

அக்கா

ஜனவரி 15

அக்கா,

நான் அனுப்பியது படம், திரும்பி வந்தது தப்புப் பட்டியல். ஆறு வருடத்தில் நீ கொஞ்சமும் மாறவில்லை, சந்தோஷம்.

இல்லை என்றால் எப்படி இல்லை? நீதானே படித்துக் காட்டினாய்? எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினாறு. உன் பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகம். அட்டையிலிருந்த பெண்ணுக்கு யாரோ பேனாவால் மீசை வைத்திருந்தார்கள். அவர் ஆலைக்கு இரண்டாம் ஷிப்ட் போகிற நாட்களில் சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஆரம்பிப்பாய், ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். சாவி திரும்புகிற இடத்தில் நாக்கை மடித்து 'டொக்' என்று ஒரு சத்தம் போடுவாய். அவள் என்ன சொல்வாள் தெரியுமா? "வாடா தங்கம், உள்ள வா, நான் இருக்கேன்ல." உன் மானேஜர் முழுப் புத்தகத்தையும் காட்சிப் பட்டியலையும் அனுப்பினார். புத்தகத்தின் கட்டைக்கூடப் பிரிக்கவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த கதையைக் காசு கொடுத்தாலும் யாராவது மறுபடி படிப்பார்களா?

படத்தை மாற்ற மாட்டேன். பதினொன்றில் அந்த ஒன்றுதான் நான் ஆசைப்பட்டு வரைந்தது. மற்ற பத்தும் அதற்குத் துணைக்கு வரைந்தவை.

அவரைப் பற்றி இனிமேல் எழுதாதே. வெளியில் தங்கமான மனுஷர், ஆலையே தலையில் வைத்துக் கொண்டாடிய ஃபோர்மேன். ஞாபகம் போகிறதாமே, கொடுத்துவைத்தவர். எனக்கு அது போய்த் தொலைய மாட்டேன் என்கிறது. இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. நல்லவேளை, தூரிகை பிடிப்பது வலது கை.

தம்பி

ஜனவரி 22

சுண்டு,

கட்டைப் பிரி. பதினேழாம் அத்தியாயத்தை மட்டும் படி. நான் சொல்லி நீ கேட்ட வழக்கம் இல்லை, இந்த ஒரு முறை கேள்.

முன்னுரையை ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார், நாற்பது பக்கம். அவர் கணக்கில் நாவலில் இரண்டு மிருகம். ஒன்று வெளியே பனியில் திரிவது. ஊர்க்காரர்கள் தங்கள் பயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் அது என்கிறார். இன்னொன்று காவல்காரனுக்கு உள்ளே இருப்பது. வெளியே உள்ளதை அவன் வேட்டையாடப் போகப் போக உள்ளே உள்ளது கொழுக்கிறதாம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். பெற்ற பிள்ளைகளுக்கு வெளியே உள்ளதைவிட வீட்டுக்குள் வருவதுதான் பெரிய மிருகம் என்று ஒரு வரி வருகிறது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

என் வேலை எழுத்தைத் திருத்துவது, கருத்தைத் திருத்துவது இல்லை. இருந்தும் பக்க ஓரத்தில் 'மூன்றாவது?' என்று பென்சிலால் எழுதினேன். பிறகு ரப்பரால் அழித்துவிட்டேன். நாற்பது பக்கத்தில் காவல்காரனின் மகளைப் பற்றி மனுஷர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி அத்தியாயத்தில் கணவாய்க்குக் காவல் நிற்பதே அவள்தான்.

எழுதாதே என்றாய். ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். "சின்னவன் ஸ்கூல்லேர்ந்து வந்துட்டானா?" என்று நாளுக்கு நாலு தடவை கேட்கிறார்.

அக்கா

பிப்ரவரி 2

என் அக்காவுக்கு,

படித்தேன்.

அவள் திறக்கவில்லை. தம்பி தட்டுகிறான், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், சாவி அவள் இடுப்பிலேயே இருக்கிறது. அவள் போய் மாவரைக்கும் திருகைக் கல்லை இழுத்துப் போட்டுச் சுற்றுகிறாள். தானியம் எதுவும் போடாமல் வெறும் கல்லைச் சுற்றுகிறாள், அவன் குரல் காதில் விழக்கூடாது என்று. விடிந்து பார்த்தால் பையன் இல்லை. மிருகம் கொண்டுபோய்விட்டது என்று ஊர் சொல்கிறது.

முடித்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். பதினாறு வயதுப் பெண், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே ஓர் அத்தியாயத்தை முழுசாக மாற்றிக் கட்டி, ஓர் இடத்தில்கூடத் திக்காமல் வாசித்திருக்கிறாய். நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று. சரியான திருடி நீ!

ஆறு வருடமாக உன்மேல் எனக்கு என்ன கோபம்? அவருக்குப் பக்கவாதம் வந்தபோது, "அவரை ஒரு ஹோம்ல விட்டுட்டு என்கூட வந்துடு, நானா அவரா சொல்லு" என்று கேட்டேன். நீ வரவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. கதவைத் திறக்கிற குணம் உள்ளவள் ஆள் பார்த்தா திறப்பாள்?

யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். அவர் என்னைப் பின்னறைக்கு இழுத்துப் போகும்போதெல்லாம், கொஞ்ச நேரத்தில் குளியலறைக் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். அக்கா வாளியில் தண்ணீர் பிடிக்கிறாள், துடைத்துவிட வரப்போகிறாள், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துக்கொள்வேன். வாளி எவ்வளவு நிறைந்திருக்கும் என்று சத்தத்தை வைத்துக் கணக்குப் போடுவேன். அந்தத் தண்ணீர்ச் சத்தம் இல்லையென்றால் நான் அந்த அறையிலேயே செத்திருப்பேன். எட்டாவது படத்தில் நான் வரைந்தது அதைத்தான். புத்தகத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மானேஜரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

19ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன்னைப் பார்க்க மட்டும். அவர் அவருடைய அறையில் இருக்கட்டும், நாம் சமையலறையில் உட்கார்ந்துகொள்ளலாம். எனக்கு நிறைய நரைத்துவிட்டது, பார்த்ததும் கிண்டல் செய்யாதே.

உன் சுண்டு

பிப்ரவரி 8

சுண்டு,

இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்தாகிவிட்டது. நாலிலும் 'வா, காத்திருக்கிறேன்' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிடுவாய், என் எதிரில் உட்காருவாய். அதற்கு ஆசைப்பட்டுத்தான் மூன்று நாளைக் கடத்தினேன். முடியவில்லை. நீ பார்க்க வருகிற அக்கா இந்த வீட்டில் இல்லை.

வாளிக்காக நான் குழாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் நமக்கு மேல்மாடியில் ஒரு டீச்சர் குடியிருந்தாரே, அவர் ஒருநாள் படியில் என்னை நிறுத்தினார். "தம்பி அழுற மாதிரி கேட்டுச்சே, என்னம்மா? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லு" என்றார். என் தோளில் கை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "பல்வலி, டீச்சர்" என்றேன். அன்றிலிருந்துதான் குழாய். மாடிக்குக் கேட்கக்கூடாது என்று. கீழே வாளி இருந்தது, அது நிறைந்தது, இருந்த தண்ணீரில் உன்னைத் துடைத்துவிட்டேன். உன் விரல்கள் உடைந்த அன்று வாளி நிறைந்து குளியலறை முழுக்க வழிந்து ஓடியது. நான் குழாயை மூடவில்லை.

பயந்துபோய்ச் செய்தேன் என்று சொல்லிவிடலாம். பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை. உன்னை அடித்த நாளில் அவர் என்னைத் தொட மாட்டார். அது எனக்குத் தெரிந்திருந்தது. நீ பின்னறைக்குப் போகும்போது என் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் 'அப்பாடா' என்று இருக்கும். அந்த அப்பாடாவை இருபத்தேழு வருடமாக நான் சுமந்துகொண்டு திரிகிறேன். பேராசிரியருக்குத் தெரியாத மூன்றாவது மிருகம் அதுதான். அதற்குக் காலடித் தடமும் கிடையாது.

பதினேழாம் அத்தியாயத்தை மாற்றியது நீ தூங்குவதற்காக இல்லை, சுண்டு. அந்தத் திருகைக் கல் வருகிற வரியை என்னால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட, பழைய கதை, சின்ன வயது என்று நீ ஒருநாள் மன்னித்திருப்பாய். முடியவில்லை. நவம்பரில் ஒருநாள் அப்பா மூன்றாவது முறையாகச் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிட்டார். நான் எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்தேன். திரும்பி வந்து அவரை அடித்தேன். ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது என்று யாரிடமாவது சொன்னால் நம்புவார்கள். ஆத்திரப்படுகிறவர்கள் முதலில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வருவார்களா? அதற்குப் பிறகு மூன்று முறை. முழங்கைக்கு மேலே நீலம் பாரித்திருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டுவிடுகிறேன். எதற்கு அடிபடுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைத் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டு, "அம்மா, நான் ஒண்ணுமே பண்ணலையே" என்கிறார்.

நீ ஸ்கூலிலிருந்து வந்தாயா என்று அவர் கேட்பதை எழுதி உன்னை உருக்கப் பார்த்தேன். வீட்டில் இன்னொரு ஆள் வந்தால் என் கை அடங்கும் என்று ஒரு நப்பாசை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அக்கா

பிப்ரவரி 13

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். உன்னைப் பார்க்க இல்லை, அவரைக் கூட்டிப்போக. துணி, மருந்து, மூக்குக் கண்ணாடி, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வை. அந்த நேரத்தில் நீ வீட்டில் இருக்காதே. சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

அவர்மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. ஆனால் உள்ளே ஓர் ஆள் அடிபட்டுக்கொண்டு கிடக்க, வெளியே தண்ணீர் ஓடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நான் இங்கே உட்கார்ந்து பனிக்கு வண்ணம் கலக்க முடியாது. அவரிடமிருந்து என்னை யாரும் தூக்கிப் போகவில்லை. உன்னிடமிருந்து அவரை நான் தூக்கிப் போகிறேன்.

அப்பா என்று ஒருவர் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை, அது பழகிவிட்டது. அக்கா இருந்தாள். என்ன நடந்தாலும் எனக்கு அக்கா இருந்தாள் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வயது வந்துவிட்டேன். இனிமேல் எதைச் சொல்லிக்கொள்வது என்று தெரியவில்லை.

பல்வலியாம். அந்த வயதில் எனக்குப் பல்வலியே வந்ததில்லை.

பிப்ரவரி 19, காலை எட்டரை
(சாப்பாட்டு மேஜைமேல்)

சுண்டு,

பை கதவோரம் இருக்கிறது. மருந்துகளை வேளைவாரியாகப் பிரித்துக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வெள்ளை மாத்திரையை முழுங்க மாட்டார், பொடித்துப் பாலில் கலந்துவிடு. பால் சூடாக இருந்தால் கோபம் வரும். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் யாரோ ஒரு கிழவன் வீட்டுக்குள் வந்துவிட்டதாகப் பயப்படுகிறார். உன் வீட்டில் கண்ணாடி இருந்தால் துண்டைப் போட்டு மூடிவிடு.

கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தால், "ஷிப்ட் முடிஞ்சுது சார், கெளம்பலாமா?" என்று கேள். உடனே எழுந்து வந்துவிடுவார்.

சில நேரம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். பழைய மாதிரியே, மூன்று மடிப்பு. பயந்துவிடாதே. மடித்து முடிப்பதற்குள் எதற்கு மடித்தோம் என்பது அவருக்கு மறந்துபோகும்.

நான் பதிப்பகத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லை, வாட்ச்மேனிடம் கெஞ்சித் திறக்கச் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது பிழை எதுவும் இல்லாமல் ரொம்ப நன்றாக இருந்தது. அதனால் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அக்கா

மார்ச் 21

அக்கா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. உயிரோடுதான் இருக்கிறோம், இரண்டு பேரும். அவர் கையில் இருந்த நீலம் மஞ்சளாகி மறைந்துவிட்டது.

எட்டாவது படத்தை மாற்றி வரைந்து மானேஜருக்கு அனுப்பிவிட்டேன். புத்தகத்தில் உள்ளபடியே, அவள் கல்லைச் சுற்றுகிறாள். நாலு முறை முகத்தை வரைந்தேன், வரவில்லை. கடைசியில் முதுகைத்தான் வரைந்தேன். நீ திருத்தம் சொல்லாமல் விட்டுவிட்டதாக அவர் ஆச்சரியப்பட்டார்.

முந்தாநாள் எனக்கும் தட்டைத் தட்டிவிட்டார். வரைந்து காயவைத்த தாள்மேல் போய் விழுந்தது. என் கை எழுந்துவிட்டது, அக்கா. அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். அந்தப் பின்னறையில் நானும் அதே மாதிரித்தான் மூடிக்கொள்வேன், விரல்களைக் கோத்துக்கொண்டு. வாசலுக்கு ஓடிப்போய்ப் படியில் உட்கார்ந்தேன். அடிக்கவில்லை. அன்றைக்கு அடிக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். பேராசிரியரிடம் சொல், ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று.

நேற்றுப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவர் சத்தம் கேட்டா ஓடி வாங்க. என்னைப் பத்தி யோசிக்காதீங்க, கதவை இடிங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் சரி என்றார்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீ இங்கே வர வேண்டாம், நானும் அங்கே வரவில்லை. நீ எனக்குக் கதை படித்த சாயங்காலங்களை நினைத்தால் இப்போது நெஞ்சு எரிகிறது. இருந்தும் அவற்றைத் தூக்கிப் போட முடியவில்லை. அதைவிட்டால் அந்த வயதில் எனக்கு வேறு எதுவும் இல்லை.

இந்தக் கடிதம் எழுதியதற்குக் காரணம் வேறு. தினமும் சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் நிமிர்ந்து, "பெரியவ சாப்பிட்டாளா?" என்று கேட்கிறார். பதில் சொல்லாமல் ஒரு வாய் வாங்க மாட்டேன் என்கிறார். "சாப்பிட்டாச்சு" என்று நானும் தினமும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, அது உண்மையா பொய்யா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதை மட்டும் எழுது. வேறு எதையும் எழுதாதே. எனக்காக எதையும் மாற்றிச் சொல்லாதே.

தம்பி

மார்ச் 25

சுண்டு,

இன்று சாப்பிடவில்லை. நேற்றும் இல்லை.

அப்பாவிடம், சாப்பிட்டாள் என்றே சொல்.

அக்கா